தொள்ளாயிரம் சதவீதம்

நெருப்பு, சக்கரம், பூஜ்ஜியம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலம் கண்ட நான்காவது மாபெரும் கண்டுபிடிப்பு 'கற்றல் வளர்ச்சிக் குறியீடு' என்று, கணிதம் அறிவியல் கல்வித் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர் தமது தொடக்க உரையில் அறிவித்தார். கண்டுபிடித்தவர் யார் என்பதை அடக்கம் கருதி அவர் சொல்லவில்லை. சுவரில் அவர் படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. பயிற்சியின் கடைசி நாளில் ஆசிரியர் வாங்கும் மதிப்பெண்ணிலிருந்து முதல் நாள் மதிப்பெண்ணைக் கழித்து, மீதியை முதல் நாள் மதிப்பெண்ணால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவதுதான் அது. ஏழாம் வகுப்பில் இதையே கடைக்காரரின் லாபக் கணக்கு என்று நடத்துவார்கள்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தவர் என்பதால் கையைத் தூக்காமல் இருக்கத் தெரிந்திருந்தது. அவர் இங்கே வந்தது வளர்வதற்காக அல்ல. இந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாத யாரும் பத்தாம் வகுப்புக்குள் காலை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. பொதுத் தேர்வுக்கு இன்னும் இருபத்தெட்டு நாள். முக்கோணவியல் பாக்கி. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் ஒருத்தி அவர் பெற்றது. ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த திங்கட்கிழமை சைன் தீட்டா எழுதிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு முதல் நாள் பத்தேகாலுக்கே தப்பாகிப்போனது.

பயிற்சிக்குப் பத்து நாள் முன்பு எல்லோருக்கும் ஒரு கையேடு அனுப்பியிருந்தார்கள். இருநூற்று நாற்பது பக்கம். அட்டையில் 'படித்துவிட்டு வரவும்' என்று அச்சிட்டிருந்தது. நிறுவனம் தோன்றிய நாளிலிருந்து அந்த வரியை நம்பிய ஒரே பிறவி கணக்கு டீச்சர்தான். பென்சிலால் அடிக்கோடு வேறு போட்டுப் படித்திருந்தார். ஆளுக்கொரு டேப்லெட்டைக் கொடுத்து இருபது கேள்வி முன்தேர்வு வைத்தபோது, கணக்கு, அறிவியல், தொழில்நுட்பம் மூன்றிலும் சேர்த்து இருபதுக்கு இருபது வாங்கினார். வாங்கிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிச் சிரித்தார்.

பயிற்சி கொடுப்பவருக்கு அங்கே கருத்தாளர் என்று பெயர். இளைஞர், காதில் ஒலிவாங்கியை மாட்டியிருந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"மேடம், எதையாவது தெரியாம அழுத்திட்டீங்களா?"

"இல்லையே. எல்லாம் தெரிஞ்சுதான் அழுத்தினேன்."

கருத்தாளர் சாவு வீட்டில் நடப்பது போல மெல்ல நடந்து மேடைக்குப் போனார்.

பக்கத்து நாற்காலிக்காரர் வேறு பள்ளியின் வேதியியல் ஆசிரியர். சட்டையில் அங்கங்கே அமிலம் தெறித்த ஓட்டைகள். அதனால் அமிலம் சார் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். அவருக்கு இது இந்த வருஷத்தில் ஏழாவது பயிற்சி.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு. "பள்ளத்துல இருந்து ஏறினாத்தானே ஏத்தம்னு சொல்வாங்க. நீங்க நேரா மொட்டை மாடியில வந்து உக்காந்துட்டீங்க. இனிமே எங்க ஏறுவீங்க?"

"நீங்க எவ்வளவு சார்?"

"எட்டு. எப்பவுமே எட்டு. கடைசி நாள் பதினெட்டு. நூத்தி இருபத்தஞ்சு சதவீதம். நூறுக்குக் கீழ போனா திருப்பிக் கூப்பிடுவாங்க. ரொம்ப மேல போனா மேடைக்குக் கூப்பிடுவாங்க. ரெண்டும் ஆபத்து."

டீச்சர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்து நாளும் பயிற்சி குறைவில்லாமல் நடந்தது. நீர் கொதிக்கும் விதத்தைத் திரையில் விரலால் தொட்டுத் தொட்டுக் கொதிக்கவைத்தார்கள். கூடத்தின் பிளக்குகளில் எல்லாம் டேப்லெட்டுகள் சார்ஜில் இருந்ததால், தேநீர் மட்டும் ஆறிப்போய் வந்தது. மூன்றாம் நாள் உடல்வழிக் கணிதம். மூன்று ஆசிரியர்கள் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு முக்கோணமாக நின்றார்கள். கருத்தாளர் செயலியால் கோணங்களை அளந்தார். மூன்றையும் கூட்டினால் நூற்று எழுபத்து நான்கு வந்தது.

"நூத்தி எண்பது வரணுமே" என்றார் டீச்சர், ஒரு முனையில் ரிப்பனோடு நின்றபடி.

"வரணும்தான் மேடம். ஆனா இதுல பங்கேற்புதான் முக்கியம்" என்று சொல்லி, நூற்று எழுபத்து நான்கையே பதிவேற்றினார் கருத்தாளர். பங்கேற்புக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பின்தேர்வு. அதே இருபது கேள்வி. டீச்சர் மறுபடி இருபது. இருபதிலிருந்து இருபதைக் கழித்தால் என்ன வருமோ அதுவே வந்தது. அவர் பெயருக்கு எதிரே திரையில் சிவப்பு எழுத்து: 'இவரிடம் கற்றல் நிகழவில்லை.'

இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் கேடயங்கள் இருந்தன. அவற்றின் இடுக்கு வழியாகத்தான் அவரைப் பார்க்க முடிந்தது.

"அஞ்சு நாள் இவ்வளவு பேர் உயிரைக் கொடுத்திருக்கோம். உங்ககிட்ட ஒரு அசைவும் இல்லையேம்மா."

"எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தது சார். கையேடு படிச்சிட்டு வந்தேன்."

"யாரு படிக்கச் சொன்னா?"

"அட்டையிலயே போட்டிருக்கு சார்."

"அட்டையை யாரு படிக்கச் சொன்னா?"

டீச்சர், "சார், பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க. பரீட்சைக்கு இருபத்தி நாலு நாள்தான் இருக்கு" என்றார்.

"பிள்ளைங்களுக்காகத்தானேம்மா இவ்வளவும். அவங்க ஒரு வாரம் காத்திருக்க மாட்டாங்களா?"

"அவங்க காத்திருப்பாங்க சார். பரீட்சை காத்திருக்காதே."

"அது வேற துறை" என்றார் இயக்குநர்.

அடுத்த வாரம் மறுபயிற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். விடுதி வராந்தாவில் நின்று வீட்டுக்குப் பேசினார் டீச்சர். மகள்தான் எடுத்தாள்.

"என் பீரியடுக்கு யாருடி வர்றா?"

"ஓவிய சார்மா. வேற யாரும் ஃப்ரீயா இல்லையாம்."

"என்ன நடத்துறார்?"

"முக்கோணவியல்தான். செங்கோண முக்கோணம் வரைஞ்சு, வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பார்த்து நிழல் போடச் சொன்னார்." மகள் மேலும் சொன்னாள்: "நல்லாத்தான்மா வருது. ஆனா கேள்வி அப்படி வராதுன்னு நெனைக்கிறேன்."

டீச்சர் போனை வைத்தார். மொட்டை மாடிதான் பிரச்சினை என்றால் தரைக்கே இறங்கிவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டாம் வாரம் முன்தேர்வில் இருபது கேள்விக்கும் தப்பான விடையாகத் தேடித் தேடித் தொட்டார். எல்லாம் சரியாகத் தெரிந்தால்தான் எல்லாவற்றையும் தப்பாகப் போட முடியும் என்பது கருத்தாளருக்குத் தோன்றவில்லை. அவர் முகத்தில் முதல் முறையாகப் பாசம் தெரிந்தது.

"மேடம், கவலையே படாதீங்க. இனிமே நாங்க பார்த்துக்கறோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் இருபது வாங்கினார். இருபதிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்தால் இருபது. அதைப் பூஜ்ஜியத்தால் வகுக்கவேண்டும். செயலி வகுக்கப் போனது, போனது போனதுதான். கூடத்துப் பெரிய திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அன்று பயிற்சி முடித்த நாற்பது பேருடைய முடிவும் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து இயக்குநரே இறங்கி வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இங்க எல்லாருமே கணக்கு, அறிவியல் ஆளுங்கதான். ஒரு எண்ணைப் பூஜ்ஜியத்தால வகுத்தா என்னங்க வரும்?"

முன்வரிசையிலிருந்து ஒருவர் பூஜ்ஜியம் என்றார். இன்னொருவர் முடிவிலி என்றார். ஒருவர், அது தம்முடைய வகுப்புப் பாடத்தில் இல்லை என்றார். கடைசியில் கணக்கு டீச்சர் எழுந்து, குற்றவாளி தானே என்ற கூச்சத்தோடு, "அப்படி வகுக்கக் கூடாது சார். வரையறுக்கப்படாததுன்னு சொல்வாங்க" என்றார்.

"வரையறுக்கப்படாததுன்னு நான் மேலிடத்துக்கு எழுத முடியுமாம்மா? வளர்ச்சி இருக்கு. கண்ணுக்குத் தெரியுது. எவ்வளவுன்னுதான் தெரியல. அதுக்கு மெஷின் மேல பழி போடலாமா?"

பழி போடவில்லை. குழு போட்டார்கள். ஐந்து பேர் குழு அங்கேயே பக்கத்து அறையில் கூடி, சாயங்காலத்துக்குள் அறிக்கை தந்தது: பூஜ்ஜியத்தால் வகுப்பது பற்றி ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை, ஆகவே இனிமேல் பயிற்சிக்கு வரும் எந்த ஆசிரியரும் ஒன்றுமே தெரியாதவராக இருக்கக் கூடாது, குறைந்தது ஒரு மதிப்பெண் அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். மற்ற முப்பத்தொன்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள். டீச்சரின் முதல் இரண்டு வாரமும் 'பழுதான தரவு' என்று நீக்கப்பட்டு, மூன்றாம் முறையாக அழைப்புக் கொடுக்கப்பட்டது.

தேர்வுக்குப் பதினேழு நாள்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, முன்தேர்வுக்கு முந்தைய தேநீர் வேளையில் அமிலம் சாரைப் பார்த்தார். அடுத்த கூடத்தில் 'தொழில்நுட்பம், பகுதி இரண்டு' நடந்தது, அதற்கு வந்திருந்தார். "எங்க ஸ்கூல்ல என்னை இப்பல்லாம் விருந்தாளி மாதிரி எழுந்து நின்னு வரவேற்கிறாங்க" என்றார்.

டீச்சர் தன் கதையைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை, டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொன்னேனே, எட்டுதான் அளவு. இருபதும் கர்வம், பூஜ்ஜியமும் கர்வம். தப்புப் போட்டாலும் அதுல ஒரு நியாயம் இருக்கணும்மா. கூட்டல் கழித்தல் குறியை மாத்திப் போடுங்க. வாட்டுக்கு வோல்ட்டுன்னு போடுங்க. பார்க்கிறவனுக்கு, 'பாவம், நல்ல மனுஷி, கொஞ்சம் தடுமாறுது'ன்னு தோணணும்."

இருபத்தோரு வருஷமாகப் பிள்ளைகளின் தப்பைத் திருத்தி வந்தவர் அன்று பத்து நிமிஷத்தில் தப்புச் செய்யக் கற்றுக்கொண்டார். முன்தேர்வில் பன்னிரண்டு கேள்வியை நியாயமாகத் தப்பவிட்டார். பித்தாகரஸ் தேற்றத்தையும் முக்கோணத்தின் கோணக் கூடுதலையும் தப்பாகப் போடக் கை வரவில்லை. அவை இரண்டையும் சரியாக விட்டார். மீதி ஆறு சரியான விடைகளைத் தொழில்நுட்பத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஆக எட்டு.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை செயலியைப் புதுப்பித்திருந்தார்கள். திரையைப் பெரிதாக்கும் பொத்தான் இடதுபக்கத்திலிருந்து வலதுபக்கம் போயிருந்தது. சேமிக்கும் பொத்தான் எங்கேயுமே இல்லை. தொழில்நுட்பத்தின் ஆறு விடையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தப்பாகிவிட்டன. டீச்சருக்கு இரண்டு மதிப்பெண்.

"பயப்படாதீங்க" என்றார் அமிலம் சார். "வெள்ளிக்கிழமை அஞ்சு எடுங்க. அஞ்சு போதும். நூத்தம்பது சதவீதம். சத்தமில்லாம வாங்கிட்டுக் கிளம்புங்க."

டீச்சரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஐந்து கேள்விக்குச் சரியான விடையைத் தொட்டார். ஆறாவது கேள்வியில் கை நின்றது. கடைசி மதிப்பெண் பள்ளிக்குப் போகும்; பதிவேட்டில் ஏறும். ஐந்து. இருபதுக்கு ஐந்து. அந்த எண்ணைத் தன் பெயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட அதற்கு மேல் எடுப்பான். போகிறபோதாவது கணக்கு டீச்சராகப் போகலாம் என்று தோன்றியது. மளமளவென்று மற்ற பதினைந்தையும் போட்டார்.

இருபது. இரண்டிலிருந்து இருபது. தொள்ளாயிரம் சதவீதம்.

மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

இயக்குநர் டீச்சரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் பேசினார். "இந்த அம்மா இங்க வந்தப்போ இவங்களுக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. இருபத்தோரு வருஷ அனுபவம், ரெண்டு மதிப்பெண். அனுபவத்தோட லட்சணம் இதுதான்னு நான் சொல்லல, எண் சொல்லுது. இன்னைக்கு இருபது. சிலர் என்கிட்ட கேட்டாங்க, இந்த அம்மா முதல் வாரமே இருபது எடுத்தாங்களாமேன்னு. நான் மறைக்கல, எடுத்தாங்க. ஆனா அது அவங்க இருபது. அதுல நமக்கு என்ன பங்கு இருக்கு? நாம கொடுக்காத அறிவு ஒருத்தர்கிட்ட இருந்தா, அது இருந்தும் இல்லாததுக்குச் சமம். இப்போ இருக்கிறதுதான் நம்ம இருபது."

கைதட்டல் எழுந்தது. டீச்சரும் தட்டினார், மேடையில் நிற்கும்போது கையை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சான்றிதழோடு, இனிமேல் அவரும் ஒரு கருத்தாளர் என்ற ஆணையையும் கொடுத்தார்கள். தினமும் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை மற்ற ஆசிரியர்களுக்குச் செயலி வழியாகத் தன் வளர்ச்சியை விளக்கவேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கு வந்தார். தேர்வுக்கு ஏழு நாள். ஏழு நாளில் முக்கோணவியலை எப்படி முடிப்பது என்று பேருந்திலேயே தாளில் பிரித்து எழுதிக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் கூட்டம். நிறுவனம் அனுப்பிய பதாகை வாசலை அடைத்துக்கொண்டு தொங்கியது. டீச்சரின் படம், மேடையில் கண்ணை மூடியிருந்த சமயம் எடுத்தது. கீழே, ஆள் உயர எழுத்தில்: 'பயிற்சிக்கு முன் 2. பயிற்சிக்குப் பின் 20.'

பெற்றோர்களில் தச்சர் ஒருவர். தொழிலில் அளவு பார்த்துப் பழகியவர், நிதானமாகக் கேட்டார்.

"டீச்சர், இந்த இருபது எப்ப வந்தது?"

"போன வெள்ளிக்கிழமை."

"அப்ப எம் பையனுக்கு வருஷ ஆரம்பத்துல இருந்து நடத்தினீங்களே, அது இந்த ரெண்டை வெச்சா?"

"இல்லைங்க. அது வேணும்னே தப்பாப் போட்டது."

"வேணும்னேவா" என்றார் தச்சர். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பக்கத்திலிருந்த அம்மாக்கள் பேசினார்கள்.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் பெற்றோர் மனு வந்து சேர்ந்தது. இரண்டு மதிப்பெண் அறிவோடு நடத்திய பாடங்கள் செல்லாது. எல்லாவற்றையும் இருபது மதிப்பெண் அறிவோடு முதலிலிருந்து நடத்தவேண்டும். தலைமையாசிரியை நல்லவர், டீச்சரோடு பத்து வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"எனக்கு உங்களைத் தெரியாதா டீச்சர்? ஆனா எழுத்துல ஏதாவது ஒண்ணு கொடுக்கணுமே. வேணும்னே தப்புப் போட்டீங்கன்னு எழுதினா மோசடின்னு சான்றிதழ் போயிடும். தெரியாமத்தான் போட்டீங்கன்னு எழுதினா நடத்தின பாடமெல்லாம் போயிடும். எது போகணும்னு நீங்களே சொல்லுங்க."

"சான்றிதழ் போனா?"

"நாளைக்கு மறுபடி ஓவிய சார்."

டீச்சர் ஜன்னல் வழியாகப் பத்தாம் வகுப்பைப் பார்த்தார். பிள்ளைகள் குனிந்து எதையோ கவனமாக வரைந்துகொண்டிருந்தார்கள்.

"தெரியாமத்தான் போட்டேன்" என்றார்.

"எழுதிக் கொடுத்துடுங்க" என்று தாளை நகர்த்தினார் தலைமையாசிரியை, முகத்தைப் பார்க்காமல்.

அன்று மதியமே முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மணியும் பாடத் தலைப்போடு கரும்பலகையைப் படம் எடுத்து நிறுவனத்தின் செயலியில் பதிவேற்றவேண்டும்; வரிசை மாறினால் செயலி ஏற்காது. முக்கோணவியல் பதினோராவது பாடம். பிள்ளைகளுக்கு முதல் பாடம் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் நடத்தியதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலேமுக்காலுக்கு வீட்டில் செல்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்து, கருத்தாளர் வேலைக்குத் தலையை வாரிக்கொண்டிருந்தார். மகள் ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அம்மா, இதுல ஒரு கையெழுத்து."

"என்னது?"

"டியூஷன். கணக்குக்கு. நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் நேத்தே சேர்ந்துட்டாங்க. அங்க முக்கோணவியல் மட்டும் அஞ்சு நாள்ல முடிக்கிறாங்களாம்."

"நான் வீட்டுல சொல்லித் தர மாட்டேனா?"

"எப்பம்மா? ஏழு மணி வரைக்கும் உனக்கு மீட்டிங். அப்புறம் படம் பதிவேத்தணும்னு உக்காந்துடுற." மகள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "அதோட, எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தா மத்தவங்க என்ன சொல்வாங்க?"

"அப்பாகிட்ட வாங்கிக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். உங்கம்மாதான் போடணும்னுட்டு வெளிய போயிட்டார்."

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் மகளின் உருண்டை எழுத்தில் பூர்த்தியாகியிருந்தன. 'சேரக் காரணம்' என்ற இடத்தில் 'பள்ளியில் கணக்குப் பாடம் சரியாக நடத்தவில்லை' என்று இருந்தது.

"இதை நீயா எழுதின?"

"மூணு வாரம் யாரும் நடத்தலையேம்மா. அதைத்தான் எழுதினேன். வேற என்ன எழுதறது?"

செல்பேசியில் ஒவ்வொருவராக முகம் தெரிய ஆரம்பித்தார்கள். வணக்கம் மேடம், வணக்கம் மேடம் என்று குரல்கள் வந்தன. டீச்சர் பேனாவை எடுத்து, பெற்றோர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.